சேலை வரையச் சொன்ன படம்

1. தொடாமல் எடுப்பது

எங்கள் ஸ்டுடியோ சங்கரன்கோவில் கடைத்தெருவில் ஒரு மாடியில் இருந்தது. என் வீட்டுக்காரர் கேமரா பார்ப்பார். நான் உள்ளே டச்சப் பார்ப்பேன். டச்சப் என்றால் இப்போதுள்ள பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர்தான் ஞாபகம் வரும். எழுபதுகளில் அது பென்சில் வேலை. நெகட்டிவைச் சாய்வுப் பலகையில் வைத்துப் பின்னால் வெளிச்சம் விட்டு, ஊசி போலச் சீவிய பென்சிலால் பருவையும் அம்மைத் தழும்பையும் கண்ணுக்கடிக் கருவளையத்தையும் நிரப்ப வேண்டும். பெண்கள் படம் என்றால் முகம் முழுக்கப் பென்சில் ஓடும். ஆண்கள் படத்தில் கண்ணுக்குக் கீழே மட்டும். தாடைப் பக்கம் பென்சில் போனால் ஆம்பளை முகம் பொம்பளை முகமாகிவிடும் என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்திருந்தார். வேலை முழுவதும் அவரிடம் கற்றுக்கொண்டதுதான்.

பெண்கள் தனியாக வந்தால் மட்டும் நான் கேமராவுக்குப் போவேன். அது தெரிந்துதான் வேல்சாமி வந்திருக்கிறார்.

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் வடிந்துபோன ஒரு மத்தியானம். என் வீட்டுக்காரர் சாப்பிட்டுப் படுத்திருந்தார். படியேறி வந்த ஆள் வேட்டி சட்டையில் இருந்தார். குட்டையான உருவம், கிராப்பு, மூட்டை தூக்கித் தூக்கிப் பருத்த கழுத்து. மிளகாய் வற்றல் மார்க்கெட்டில் லோடு வேலை என்றார். படம் எடுக்க வேண்டும், நான்தான் எடுக்க வேண்டும் என்றார். ஆண்களை வீட்டுக்காரர்தான் எடுப்பார், எழுப்புகிறேன் என்று சொன்னேன். வேல்சாமி வாசலிலேயே நின்றார்.

"அண்ணாச்சி எடுத்தா தோளப் புடிச்சித் திருப்புவாவ. தாடையத் தொட்டு நிமித்துவாவ. தொடாம எடுக்க முடியுமாக்கா?"

அவர் சொன்னது சரிதான். அந்தக் காலத்துப் போட்டோகிராபர்கள் எல்லாருமே வந்தவர்களைப் பொம்மை போலப் பிடித்துத் திருப்பித்தான் உட்கார வைப்பார்கள். நான் அவரை மறுபடி பார்த்தேன். அந்த வெக்கையில் ஒரு சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை போட்டிருந்தார். உள்ளே இறுக்கிக் கட்டிய துணியின் விளிம்பு கழுத்தோரம் தெரிந்தது. நாளெல்லாம் முகங்களையே பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. விளங்கியதைக் கேள்வியாகக் கேட்க எனக்கு எந்த அவசியமும் தெரியவில்லை. உள்ளே வரச் சொன்னேன்.

தொடாமல் எடுப்பது சுலபமாக இல்லை. அவருக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு நானே உட்கார்ந்து காட்டினேன். முழங்காலை அகட்டி, கையைத் தொடையில் ஊன்றி, தலையை இந்தப் பக்கம் என்று சொல்லச் சொல்ல அவர் என்னைப் பார்த்து உட்கார்ந்தார். பெண்களை எடுக்கிறபோது விளக்கை நேரே வைத்து முகத்தை மிருதுவாக்குவது வழக்கம். அவருக்கு விளக்கைப் பக்கவாட்டில் தள்ளி வைத்தேன். தாடையின் கீழே நிழல் விழுந்து முகம் உறுதியாக வந்தது. கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து, இப்படித்தான் விழும், சரியா என்று கேட்டேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

போகும்போது ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். முகத்தை வழவழப்பாக்கிவிட வேண்டாம்.

அந்த நெகட்டிவில் நான் பென்சில் வைக்கவே இல்லை. கழுவிய நெகட்டிவைத் தூக்கிப் பார்த்த என் வீட்டுக்காரர், "யாரு இது? பொம்பள மாதிரில்லா இருக்கு" என்றார். பேர் வேல்சாமி, மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார் என்று சொன்னேன். அவர் என் முகத்தையும் நெகட்டிவையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அப்புறம் அதைக் காயப்போடும் கயிற்றில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

பிரிண்டு வாங்க வந்த வேல்சாமி அதை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். சிரிக்கவில்லை. "நாந்தான்" என்று மட்டும் சொன்னார்.

2. ஷோகேசில் வைக்காத படங்கள்

அடுத்த தடவை பேச்சியம்மாளைக் கூட்டிவந்தார். தறிக்கூடத்தில் தார் சுற்றுகிறவர், அதாவது நெசவு நாடாவுக்கான குச்சியில் நூல் சுற்றுகிறவர். கழுத்தில் புது மஞ்சள் கயிறு இருந்தது. இருவருமாக ஏதோ ஒரு சாஸ்தா கோயிலில் தாங்களே தாலி கட்டிக்கொண்டதாகச் சொன்னார்கள். சாட்சிக்கு யாரும் இல்லை. அதனால் ஒரு படமாவது இருக்கட்டும் என்றார் பேச்சியம்மாள்.

தம்பதி படம் என்றால் அன்று புருஷன் உட்கார்ந்திருப்பான், பெண்டாட்டி நிற்பாள். வேல்சாமி இரண்டு நாற்காலி கேட்டார். நாளெல்லாம் தறிக்கூடத்தில் நின்று கால் வீங்கியிருப்பவளைப் படத்திலும் நிற்க வைக்க வேண்டாம் என்றார். அப்படியே எடுத்தேன்.

விளக்கு சரி பண்ணுகிற நேரத்தில் அவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுவார். திருவேங்கடம் பக்கம் கரிசல் காட்டுக் கிராமம். இரண்டு அண்ணன்மார். வீட்டில் வைத்த பேர் வேலம்மாள். தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுக்கப் பரிசம் போட்ட பிறகு, பருத்தி ஏற்றிப்போன வண்டியில் ஏறி வந்துவிட்டவர். அம்மாவை மட்டும் நினைத்துக்கொள்வாராம். அதற்கு மேல் ஊரைப் பற்றிப் பேசமாட்டார்.

அவர் சொல்லி வேறு சிலரும் வந்தார்கள். ஒருவரை மட்டும் சொல்கிறேன். வாசுதேவநல்லூரிலிருந்து பஸ்ஸில் தாவணி உடுத்தி வருவார். மேக்கப் அறைக்குள் போய்ப் பையிலிருந்த சட்டையையும் பேண்டையும் போட்டுக்கொண்டு வெளியே வருவார். நடையே மாறிவிடும். படம் எடுத்து முடித்ததும் மறுபடி தாவணிக்கு மாறிப் பஸ் ஏறுவார். பிரிண்டை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, இங்கேயே வைத்திருங்கள் என்றார். ஊருக்கு வரும்போதெல்லாம் அதை எடுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். ஒரு வருஷம் வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. கல்யாணம் பண்ணிக்கொடுத்துவிட்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். மற்றது எதுவும் தெரியாது.

இந்தப் படங்கள் எதையும் நாங்கள் கீழே ஷோகேசில் வைத்ததில்லை. நல்ல படமாக வந்தால் கேட்காமல் எடுத்து ஷோகேசில் மாட்டுவது தொழில் வழக்கம். வேல்சாமியின் படம் அந்த வருஷம் நாங்கள் எடுத்ததிலேயே நல்ல படம். மாட்டினால் பார்க்கிறவர்கள் நின்று பார்ப்பார்கள், அப்புறம் பேசுவார்கள் என்பதால் விட்டுவிட்டோம்.

3. அட்டி சரிந்த நாள்

எண்பதுகளின் தொடக்கம். ஒரு முற்பகலில் குடோனில் வற்றல் மூட்டை அட்டி சரிந்தது. அட்டி என்பது கூரை முட்ட அடுக்கி வைத்திருக்கும் மூட்டைகள். வேல்சாமி அடியில் மாட்டிக்கொண்டார். கூட வேலை பார்த்தவர்கள் மூட்டைகளைப் புரட்டிப்போட்டு, மாட்டு வண்டியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூச்சு பார்க்கச் சட்டையை வெட்டியிருக்கிறார்கள். அப்போதே உயிர் இல்லை.

அவர் செத்த சேதியும் அவர் உடம்பைப் பற்றிய சேதியும் ஒன்றாகவே கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்தன. இரண்டாவது சேதிக்குத்தான் கூட்டம் கூடியது. தூக்கிக்கொண்டு போன லோடுமேன்கள் ஒவ்வொருவராக ஆஸ்பத்திரி வாசலை விட்டு நழுவினார்கள். ஊரே வேடிக்கை பார்க்கிற இடத்தில், இத்தனை நாள் நீ யாரோடு வேலை பார்த்தாய் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று அவர்களுக்கு இருந்திருக்கும்.

விபத்து, தற்கொலை என்றால் படம் எடுக்க எங்களைத்தான் கூப்பிடுவார்கள். என் வீட்டுக்காரர் கேமராவோடு போனார். நானும் பின்னாலேயே போனேன்.

பேச்சியம்மாள் அங்கே வந்திருந்தார். பிணவறை வாசலில் நின்றவர்கள் நீ யார் என்று கேட்டார்கள். பெண்டாட்டி என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். உள்ளே விடவில்லை. அவர் சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் விரலில் தார் நூல் அறுத்த கோடுகள் இருந்தன. அவற்றைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அழவில்லை.

என் வீட்டுக்காரர் சீக்கிரமே வெளியே வந்துவிட்டார். உள்ளே நடந்ததை வீடு வந்த பிறகுதான் சொன்னார். அங்கே உத்தரவு போடுகிற இடத்தில் நின்ற ஒருவர், போர்த்திய துணியை எடுத்துவிட்டு முழு உடம்பையும் எடுக்கச் சொல்லியிருக்கிறார். ஆணா பெண்ணா என்பதற்குப் படம் வேண்டுமாம். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். இவர் துணியைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, முகத்தை மட்டும் எடுத்துவிட்டு, பிலிம் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கேமராவைத் திறந்து காட்டினார். பிலிம் பாதிக்கு மேல் இருந்தது.

மத்தியானத்துக்கு மேல் அண்ணன்மார் வந்தார்கள். யார் மூலமோ ஊருக்குச் சேதி போயிருக்கிறது. ஒரு வேனில் உடம்பை ஏற்றி, ஏற்றிய கையோடு ஒரு சேலையைச் சுற்றினார்கள். முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன் என்று பேச்சியம்மாள் கிட்டே போனார். இளையவன் அவரைப் பிடித்துத் தள்ளினான். மூத்தவர் தம்பியை அதட்டினார். ஆனால் பார்க்க விடவில்லை. வேன் திருவேங்கடம் ரோட்டில் போய்விட்டது.

போகிற வழியில் அவர்கள் வேல்சாமியின் வாடகை வீட்டுக்கும் போயிருக்கிறார்கள். சட்டைகளை முற்றத்தில் போட்டுக் கொளுத்தியிருக்கிறார்கள். தம்பதி படத்தை நடுவில் கிழித்திருக்கிறார்கள். பேச்சியம்மாளை வீட்டில் விட நான் போனபோது அவருடைய பாதி மட்டும் தரையில் கிடந்தது.

4. அண்ணன்மார்

காரியம் கழித்து அண்ணன்மார் இருவரும் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். மூத்தவர் மடியிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேஜையில் வைத்தார். வேல்சாமியை நான் எடுத்த முதல் படம், அவர் வீட்டிலிருந்து இவர்கள் எடுத்துப்போனது.

அதைப் பெரிதாக்க வேண்டும். சட்டையை அழித்துவிட்டுச் சேலை வரைய வேண்டும். நெற்றியில் பொட்டு, காதில் கம்மல், தலையில் பூ, முடியை நீளமாக்கி முன்னால் ஒரு பின்னல்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமாகாத பெண் செத்தால் அந்த வீட்டுக்குக் கன்னித் தெய்வமாகிவிடுவாள். வருஷந்தோறும் புதுத்துணியும் வளையலும் வைத்துக் கும்பிடுவார்கள். அதற்குத்தான் படம். டச்சப் தொழிலில் இது புதிய கோரிக்கையும் இல்லை. பருத்திச் சேலையோடு செத்த எத்தனையோ பேருக்கு நான் பட்டுச்சேலை வரைந்திருக்கிறேன். மூடிய கண்ணைத் திறந்திருக்கிறேன். நெகட்டிவில் கொஞ்சம் பூசி, பிரிண்டு போட்டு, பிரஷ்ஷால் நகை வைத்தால் முடிந்தது.

நான் முடியாது என்றேன். வேண்டுமானால் இருக்கிறபடியே பெரிதாக்கித் தருகிறேன் என்றேன்.

இளையவன் எழுந்தான். மூத்தவர் அவனை உட்காரச் சொன்னார். அவர் கெட்டவர் போலத் தெரியவில்லை. கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன.

"எங்க அம்மை அன்னந்தண்ணி இல்லாமக் கெடக்காக்கா. பிள்ளை மொகத்தப் பாத்து எம்புட்டு வருசமாச்சு. செத்தும் பாக்க முடியாத அளவுக்கு நசுங்கிக் கெடந்தா. அவளுக்கு என்னத்தக் காட்டச் சொல்லுதிய?"

"இந்த மொகத்தையே காட்டுங்க. நல்லா இருக்கிற மொகம்லா."

"ஆம்பள வேசத்துல இருக்கத எப்படிக் கும்புடது?"

"இங்க வரும்போது அவுக வேசம் போட்டு வரல. எப்படி இருந்தாவளோ அப்படி வந்தாவ. இப்படித்தான் எடுக்கணும்னு எங்கிட்டச் சொல்லித்தான் எடுத்தாவ. அதுக்கு மேல நான் சேலை வரைய மாட்டேன்."

என் வீட்டுக்காரர் என்னை இருட்டறைக்குக் கூப்பிட்டார். துக்க வீட்டுக்காரர்கள், பெற்ற தாய் கேட்கிறாள், நமக்கென்ன வந்தது, வரைந்து கொடுத்து அனுப்பிவிடு என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பெற்றவளுக்கு ஒரு படம் இல்லாமல் பண்ணுகிறோமே என்று எனக்கும் இருந்தது. அந்தப் படத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தில் சேலை வரைவதற்கு முன்னால் தாடையில் பென்சில் வைக்க வேண்டும். வேல்சாமி போகும்போது வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரே காரியம் அதுதான்.

"அன்னைக்கு நீங்க ஏன் பிலிம் தீந்துட்டுன்னு சொன்னிய?" என்று கேட்டேன்.

அவர் சிவப்பு விளக்கை அணைத்தார். பிறகு வெளியே போய், "டச்சப் எல்லாம் அவதான் பாக்கா. எனக்கு அந்த வேலை தெரியாது. அவ முடியாதுன்னா முடியாதுதான்" என்றார். எனக்குப் பென்சில் பிடிக்கக் கற்றுக்கொடுத்த மனுஷன் அதைச் சொன்னார்.

மூத்தவர் படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். மறுநாள் காலையில் கீழே ஷோகேஸ் கண்ணாடி உடைந்து கிடந்தது. கல்யாண ஜோடிகளின் படங்கள் மேலெல்லாம் சில்லு. யார் கல் எறிந்தது என்று யாரும் பார்க்கவில்லை. திருவேங்கடம் சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து கல்யாண ஆர்டர் வருவது நின்றுபோனது. வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் நின்றது அப்போதுதான்.

நான் மறுத்ததால் எதுவும் நின்றுவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் கையில் பிரிண்டு இருந்தது. பிரிண்டிலிருந்து காப்பி எடுத்து வரைய எத்தனையோ ஸ்டுடியோ இருந்தது. சில மாதம் கழித்து போட்டோ பேப்பர் வாங்க வெளியூர் போன என் வீட்டுக்காரர், ஒரு கடையில் பிரேம் போட வைத்திருந்த அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தார். சேலை மடிப்பு பிசிறில்லாமல் இருந்ததாம். தாடையைச் சுத்தமாக வழித்திருந்தார்களாம். கண் மட்டும் வேல்சாமியின் கண் என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை.

5. பேச்சியம்மாள் வீட்டில்

அண்ணன்மார் வந்துபோன மறுவாரமே இரண்டு நெகட்டிவையும் எடுத்து நானே என்லார்ஜ் பண்ணினேன். தனிப்படத்தைச் சுவரில் மாட்டுகிற அளவுக்கு. தம்பதி படத்தைக் கிழிந்த படம் எந்த அளவோ அதே அளவுக்கு. பிரேம் போட்டு நானே கொண்டுபோனேன்.

பேச்சியம்மாள் வீட்டில் அன்றுவரை ஒருவரும் துக்கம் கேட்டு வரவில்லை. வந்து யாருக்காக உட்காருவது, என்ன முறை சொல்லி அழுவது என்று தெருவில் யாருக்கும் தெரியவில்லை. தாலியை என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை. அறுத்து முறை செய்ய அங்கே யாரும் இல்லை. கழுத்தில் அப்படியே கிடந்தது. தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் அதைப் பார்த்துக் கேலி பேசியிருக்கிறார்கள்.

படத்தைச் சுவரில் சாய்த்து வைத்து மாலை போட்டு விளக்கேற்றினார். கதவைத் திறந்து வைத்தார். நான் இருந்தேன்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் வாசலில் ஒருவர் வந்து நின்றார். மாடக்கண்ணு என்று ஒரு லோடுமேன். வேல்சாமியோடு ஒரே கும்பலில் மூட்டை தூக்கியவர். அன்று வண்டியில் கிடத்திக் கொண்டுபோனவர்களில் ஒருவர், ஆஸ்பத்திரி வாசலிலிருந்து நழுவியவர்களில் முதல் ஆள். உள்ளே வரலாமா என்று தெரியாமல் நின்றவர், வாசலிலிருந்தே படத்தைப் பார்த்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே வந்து படத்துக்கு முன்னால் உட்கார்ந்தார்.

பேச்சியம்மாளைப் பார்த்துச் சொன்னார்.

"அங்கன ஆஸ்பத்திரில கெடந்தது யாருன்னு எனக்குத் தெரியாது தாயி. எங்கூட மூட்டை தூக்குனவன் இந்தா இருக்கான்."

அதைக் கேட்டுத்தான் பேச்சியம்மாள் அழுதார். நான் பார்த்து அவர் அழுதது அன்று மட்டும்தான். மறுநாள் இன்னும் மூன்று நாலு லோடுமேன்கள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். அப்புறம் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர். தாலிக்கு என்ன முறையோ அதை அவர்கள்தான் கூட இருந்து செய்தார்கள்.

அது நீடிக்கவில்லை. வீட்டுச் சொந்தக்காரர் காலி பண்ணச் சொன்னார். தறிக்கூடத்திலும் பேச்சு அதிகமானது. பேச்சியம்மாள் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மில்லுக்கு வேலைக்குப் போனார். பஸ் ஏற்றிவிட நான் போயிருந்தேன். துணிப்பை ஒன்றும், சேலையில் சுற்றிய பிரேமும் கையில் இருந்தன. பஸ்ஸில் கூட்டம். பிரேமை மேலே வைக்கச் சொன்ன கண்டக்டரிடம் மாட்டேன் என்று மடியில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவரைப் பற்றிய சேதி எனக்கு வரவில்லை.

6. கடைசியாக

திருவேங்கடம் பக்கத்து அந்தக் கிராமத்தில் சேலை வரைந்த படம் இன்னும் இருக்கும். வருஷத்துக்கு ஒரு புதுச்சேலை அதன் முன்னால் வைப்பார்கள். அந்தத் தாய் அதைப் பார்த்து அழுதிருப்பாள். அவள் அழுததில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் அது வேல்சாமியின் படம் இல்லை.

போட்டோ எடுக்கிற பிள்ளைகள் இப்போதும் சில சமயம் என்னிடம் வந்து விளக்கு எப்படி வைப்பது, கோணம் எப்படி என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கூடவே இதையும் சொல்கிறேன். எப்படித் தெரிய வேண்டும் என்று ஆள் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே கேட்டுவிடுங்கள். கேட்டதை அப்படியே எடுங்கள். அவர் போன பிறகு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேறு ஆட்கள்தான் வருவார்கள்.